யாருக்கும் நிற்காத ஆப்பிள் அப்பம்

நம் காலத்தில் ஆப்பிள் என்றால் காய்ச்சல். உங்களுக்கும் நினைவிருக்கும். ஆஸ்பத்திரிக் கட்டில், பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் ரொட்டிப் பாக்கெட், மெல்லிய காகிதத்தில் சுற்றிய நான்கு ஆப்பிள். ஆரோக்கியமாக இருக்கிறவன் ஆப்பிள் தின்று நான் பார்த்ததில்லை. அதனால்தான் அம்மா என்னை அனுப்பி ஆறு ஆப்பிள் வாங்கிவரச் சொன்னபோது தேரடித் தெரு பழக்கடைக்காரர் பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "யாருக்கு பாப்பா உடம்பு சரியில்ல?" என்றார். வழியில் இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா உள்ளேயே வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "ஜுரம் இல்லியே" என்று ஏமாற்றமாகச் சொன்னார்.

சிரித்துக்கொண்டே இதைச் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். கோபத்தில்தான் எழுதுகிறேன். வயதானால் எல்லாம் ஆறிவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். எனக்கு அறுபது தாண்டிவிட்டது. சர்க்கரை ஏறியிருக்கிறது, முட்டி தேய்ந்திருக்கிறது. கோபம் மட்டும் அன்றைக்கு வாங்கினதுபோல அப்படியே இருக்கிறது. நடுவில் ஆள்தான் மாறியது. அதையும் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் செங்கம் ரோட்டில் ஒரு வீட்டின் பின்பக்கப் போர்ஷனில் குடியிருந்தோம். அப்பா தாலுகா ஆபீசில் எழுத்தர். பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், அடி அண்ணாமலையில் நிலத்தையும் மாடுகளையும் பார்த்துக்கொண்டார். காலையில் அங்கிருந்து சைக்கிளில் பால் கேன் வரும். அதில் இரண்டு லிட்டர், ஆசிரமத்துப் பக்கம் வீடெடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரம்மாவுக்கு. அதைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வருவது அம்மாவின் வேலை.

ஊற்றிவிட்டு உடனே வந்துகொண்டிருந்தவள் ஐப்பசி மழையின்போது தாமதமாக வர ஆரம்பித்தாள். ஒருநாள் லீவில் நானும் கூடப் போனேன். அந்த வீட்டுச் சமையலறையில் மேடைமேல் வட்டமாக ஓர் அலுமினியப் பெட்டி இருந்தது. பெரிய டிபன் டப்பா மாதிரி. மூடியின் நடுவில் கண்ணாடி. பின்னால் கறுப்பு ஒயர். அதுதான் ஓவன் என்று அம்மா எனக்குக் காதோடு சொன்னாள், ஏதோ சாமி பெயரைச் சொல்வதுபோல.

வெளியே நீள மேஜையில் எட்டுப் பத்து வெள்ளைக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தட்டு காலியாக இருந்தது. சாப்பாடு வராமல் எதற்கு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. வெள்ளைக்காரம்மா கொசுவம் வைக்காமல் சுற்றிய கைத்தறிப் புடவையில் வேர்த்து ஒழுக நின்றுகொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"இது யாருக்கும் நிக்காது. முதல்ல ஆளு உக்காரணும். அப்புறம் இது வரும்."

மூடியைத் திறந்தார். தட்டின் ஓரமெல்லாம் எழும்பி, பொன்னிறத்தில் ஒரு கிண்ணம்போல நின்றது. நடுவில் ஆப்பிள் துண்டுகள் சர்க்கரைப் பாகில் பளபளத்தன. வெண்ணெயும் பட்டையும் சேர்ந்த அந்த வாசனை இப்போதும் எனக்கு மூக்கில் இருக்கிறது. ஓட்டமாக ஓடிப்போய் மேஜையில் வைத்தார். அவர்கள் கரண்டியால் குத்தியதும் 'புஸ்' என்று ஆவி போய் மெல்ல அமுங்கியது. அமுங்குவதற்குள் சாப்பிட்டால்தான் அது அது.

அதற்கு அவர்கள் ஏதோ பெயர் சொன்னார்கள். அம்மா 'ஆப்பிள் அப்பம்' என்று வைத்துவிட்டாள்.

ஒரு மாதத்தில் அம்மா அதை வெள்ளைக்காரம்மாவைவிட நன்றாகச் செய்தாள். இது மகள் பாசத்தில் சொல்வது அல்ல, அந்தம்மாவே சொன்னது. மலையில் தீபம் அணைந்து கொப்பரையை இறக்கியிருந்த சமயம். பால் ஊற்றப் போன அம்மாவை அவர் உட்காரவைத்துக் கேட்டார். தை பிறந்ததும் காலைப் பலகாரத்துக்கு நீயே இந்த அடுப்படியைப் பார்த்துக்கொள்கிறாயா, வெயில் காலத்தில் நான் ஊருக்குப் போனால் வருகிறவர்களுக்கு நீயே நடத்துகிறாயா. காலை ஆறிலிருந்து பத்து வரை. சம்பளம் உண்டு. சாவியும் உண்டு.

அம்மா சம்பளத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. சாவியைப் பற்றித்தான் இரண்டு நாள் பேசினாள். "எங்கிட்ட சாவி குடுக்கறாங்களாம்" என்று துணி அலசும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எட்டாவதோடு நிறுத்தப்பட்டவள். பதினெட்டில் கல்யாணம். அவளை நம்பி அதுவரை ஒரு பூட்டின் சாவியைக்கூட யாரும் கொடுத்ததில்லை. எங்கள் வீட்டு பீரோ சாவி அப்பாவின் அரைஞாணில் தொங்கியது.

அப்பாவிடம் கேட்டாள். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு மென்மையாகத்தான் சொன்னார்.

"எனக்கென்ன, சந்தோஷம்தான். ஆனா அண்ணன கேக்காம செய்யக்கூடாது. அவர் சரின்னா எனக்கும் சரி."

"அவருகிட்ட நீங்க சொல்லுங்க."

"சொல்றது என்னா, ஞாயித்துக்கெழம வருவாரில்ல. அந்த அப்பத்தையே செஞ்சு போடு. சாப்ட்டு பாத்தா அவரே சொல்லிடுவாரு."

எவ்வளவு நல்ல யோசனை பாருங்கள். அம்மா அதை நம்பினாள். நானும் நம்பினேன்.

வெள்ளைக்காரம்மா ஒரு வாரத்துக்கு ஓவனைக் கொடுத்தனுப்பினார். பழைய போர்வையில் மூட்டையாகக் கட்டி, சும்மாடு வைத்து, தலையில் தூக்கிக்கொண்டு அம்மா செங்கம் ரோட்டில் நடந்து வந்தாள். நான் பின்னால் ஒயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். டீக்கடையில் இருந்தவர் "என்னாம்மா, பெரிய ரேடியோவா?" என்றார். அம்மா ஆமாம் என்று தலையாட்ட முடியாமல் "ஆமாங்க" என்றாள்.

அந்த வாரம் முழுக்க ஒத்திகை. ஆப்பிளை ஒத்திகைக்கு வெட்ட யாருக்கு மனசு வரும். கொய்யாப்பழம் போட்டுச் செய்தாள், விதை பல்லில் கடிபட்டது. வாழைப்பழம் போட்டாள், களி ஆனது. எல்லாவற்றையும் நானே தின்றேன். முட்டைக்கு எங்கள் வீட்டில் தடை இல்லை, புரட்டாசியும் தீபத்துப் பத்து நாளும் தவிர. எந்த நேரத்தில் கரண்ட் வோல்டேஜ் ஜாஸ்தி, எப்போது கம்மி என்று கூடத்துக் குண்டு பல்பைப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தாள். காலை எட்டு மணிக்கு பல்பு மஞ்சளாக இல்லாமல் வெள்ளையாக எரிந்தது. அந்த நேரத்தில் இருபத்தைந்து நிமிஷம் போதும். ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் இதையெல்லாம் எழுதிவைத்தாள். 'மைதா ஒரு டம்ளர், பால் ஒரு டம்ளர், முட்டை மூன்று, உப்பு சிட்டிகை, மூடியைத் திறக்காதே' என்று. 'திறக்காதே' என்பதற்கு அடியில் இரண்டு கோடு.

ஆனால் பெரிய சிக்கல் வேறு. அந்த அப்பம் யாருக்கும் நிற்காது. எங்கள் வீட்டிலோ சாப்பாடுதான் ஆளுக்காக நிற்கும். பெரியப்பா வந்து உட்கார்ந்து முதல் வாய் வைக்காமல் யாரும் தட்டைத் தொடக்கூடாது. அவர் ஒன்பதுக்கு வந்தால் ஒன்பது, பதினொன்றுக்கு வந்தால் பதினொன்று. இட்லி நிற்கும், பொங்கல் நிற்கும், அதனால் எந்தத் தொந்தரவும் வந்ததில்லை.

அதற்கும் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். பெரியப்பா சைக்கிள் மிதித்து வருவார். நான் தெருமுனையில் நின்று பார்க்க வேண்டும். தூரத்தில் அவர் தலை தெரிந்ததும் ஓடிவந்து சொல்ல வேண்டும். அந்த நிமிஷம் தட்டு உள்ளே போகும். அவர் சைக்கிளை நிறுத்தி, கால் கழுவி, தண்ணீர் குடித்து, ஊர்க்கதை பேசி, மணைப்பலகையில் உட்காருவதற்கு எப்போதும் இருபத்தைந்து நிமிஷம் ஆகும். அம்மா கல்யாணம் ஆன நாளிலிருந்து கவனித்து வைத்திருந்த கணக்கு அது.

மார்கழி ஞாயிறு. பனி. நான் ஏழரை மணியிலிருந்து தெருமுனையில் நின்றேன். பெரியப்பாவின் பச்சை மஃப்ளர் தெரிந்ததும் ஓடினேன், ஒரு செருப்பு கழன்று விழுந்தது, எடுக்கவில்லை. "வந்துட்டாரும்மா." தட்டு உள்ளே போனது. வீட்டில் எரிந்த பல்பு எல்லாவற்றையும் அம்மா அணைத்தாள், ஓவனுக்குக் கரண்ட் குறையக்கூடாது என்று.

எல்லாம் சொன்னபடி நடந்தது. பெரியப்பா கால் கழுவினார். தண்ணீர் குடித்தார். என் ஜடையைப் பிடித்து இழுத்து "என்னாடி, படிக்கறியா" என்றார். நான் அடுப்படிக்கும் கூடத்துக்குமாக ஓடினேன். கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஓரத்தில் ஒரு கொப்புளம். பிறகு மொத்தமும் மூச்சை இழுத்ததுபோல எழுந்தது. எழுந்து எழுந்து கண்ணாடியைத் தொட்டுவிடும்போல வந்தது. ஆசிரமத்துப் பக்கம் நான் பார்த்ததைவிட உயரம்.

அம்மா அப்பாவைக் கூப்பிட்டாள். "என்னாங்க, இங்க வந்து பாருங்க." அப்பா அடுப்படி வாசலில் வந்து நின்றார். அம்மா மூடியைத் திறந்தாள். அப்பா வாயைத் திறந்தபடி பார்த்தார். "அடேங்கப்பா" என்றார், மெதுவாக. அதை நான் கேட்டேன். அந்த முகத்தையும் பார்த்தேன்.

"அவர உக்கார சொல்லுங்க."

அப்பா திரும்பிப் பார்த்தார். பெரியப்பா கூடத்தில் இல்லை. வாசலில் நின்று வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். கடலை போட்ட கதை, கிணற்றுத் தண்ணீர் கதை.

"கூப்புடுங்க" என்றாள் அம்மா.

"பேசிக்கினு இருக்காரில்ல. வருவாரு."

அம்மா அவர் எதிரில் நின்று பேசமாட்டாள். அது எங்கள் வீட்டு வழக்கம், கணவனின் அண்ணன் முன்னால் குரல் வெளியே வராது. நான் கூப்பிடப் போனேன், அப்பா என் தோளைப் பிடித்து நிறுத்தினார். நாங்கள் மூன்று பேரும் நின்றோம். அது எங்கள் கண் முன்னால் அமுங்கியது. முதலில் ஒரு பக்க ஓரம். பிறகு எதிர்ப்பக்கம். பிறகு நடுவில் சுருக்கம் விழுந்தது. அம்மா மறுபடியும் ஓவனில் வைத்து மூடினாள், எழும்பும் என்று. அதுவரை அவள் செய்யாத தப்பு அது. ஓரம் கறுத்து, நடு இறுகிவிட்டது.

பெரியப்பா வந்து உட்கார்ந்தபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. பிய்த்துப் பார்த்தார். பிய்யவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார்.

"தோலு மாதிரி இருக்குது. இத்த தின்றதுக்கா அவனுங்க கப்பல் ஏறி வரானுங்க?"

அப்பா சிரித்தார். நான் சொல்கிறேன், அப்பா சிரித்தார்.

"இதுக்கு ஒரு சம்பளம், அதுக்கு நம்ம வூட்டு பொம்பள போயி அங்க அடுப்பு ஊதணுமா. வேணாம்பா. பால் ஊத்தறதோட நிக்கட்டும்."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முடியவில்லை. "பெரியப்பா, அது அப்பவே இவ்ளோ உசரமா வந்துச்சு. நீங்க வர்றதுக்கு லேட்டாயிடுச்சு. அப்பாவும் பாத்தாரு."

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். "பாத்தியாடா?"

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பசங்க எதையாவது சொல்லும்ணா. நீங்க சாப்புடுங்க."

பிறகு எனக்கு ஓர் அறை விழுந்தது, பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசியதற்காக. அறை வலித்தது உண்மை. ஆனால் அது எனக்கு எப்போதோ மறந்துவிட்டது. 'பசங்க எதையாவது சொல்லும்ணா' மறக்கவில்லை. அடுப்படியில் அம்மா ஓவன் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சுருட்டி, அவிழ்த்து, திரும்பச் சுருட்டினாள்.

மறுநாள் காலை அம்மா வழக்கம்போல பால் கொண்டுபோனாள். தை பிறந்ததும் அந்த அடுப்படிக்கு வேறொரு பெண் வந்தாள். அம்மா அந்தப் பெண்ணிடம் பால் ஊற்றிவிட்டு வந்தாள், வருஷக்கணக்காக. அதே வாசல், அதே வெள்ளைக்காரர்கள். பால் ஊற்றினால் கௌரவம், அந்தப் பாலைக் காய்ச்சினால் கேவலம். இந்த நியாயத்தை யார் கண்டுபிடித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வெள்ளைக்காரம்மா ஒரேயடியாக ஊரைவிட்டுப் போகும்போது அந்த ஓவனை அம்மாவுக்கே கொடுத்துவிட்டுப் போனார். அது எங்கள் பரணில் வெங்காயத்தோடு கிடந்தது. ஒருநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அப்பா கையில் ஒரு பொட்டலம் கொடுத்தார். பேரீச்சம்பழம். நான் பாதி தின்ற பிறகுதான் பரணைப் பார்த்தேன். பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்டிருந்தார். மீதியையும் தின்றேன். அதற்காக என்மேலும் எனக்குக் கோபம் உண்டு.

முப்பது வருஷம் நான் பெரியப்பாவை வெறுத்தேன். என் கல்யாணத்தில் அவர் காலில் விழச் சொன்னபோது முதுகை வளைத்தேனே தவிர மனசு வளையவில்லை. அவர் வீட்டுக்குப் போகமாட்டேன். போனால் சாப்பிடமாட்டேன். கேட்டால் ஏதாவது பூசி மெழுகுவேன். அப்பா கடைசியாகப் படுத்திருந்தபோது நான்தான் ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்டேன். பாவம் அப்பா, அண்ணனுக்குப் பயந்தே வாழ்ந்தவர் என்று நினைத்துக்கொண்டேன். நன்றாக அழுதும் இருக்கிறேன்.

அப்பா போன பிறகு, பெரியப்பாவுக்கு எண்பது நெருங்கும்போது, கிரிவலம் போன நான் கால் வலி தாங்காமல் அடி அண்ணாமலையில் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்தேன். அவராகவே ஒரு தட்டில் ஆப்பிள் வெட்டிக்கொண்டு வந்து வைத்தார். நான் தொடவில்லை. அவர் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"இன்னும் அந்த அப்பத்த மனசுல வெச்சுக்கினு இருக்கறியா?"

நான் தட்டைத் திரும்பத் தள்ளிவைத்தேன்.

"மொத நாளு சனிக்கெழம உங்கப்பன் ஆபீஸ்லர்ந்து நேரா இங்க வந்தான். 'அண்ணா, அவ வேலைக்கு போறேன்றா. நான் வேணாம்னா மூஞ்சிய தூக்கி வெச்சுக்குவா. நீங்க சொல்லிடுங்க, நீங்க சொன்னா கேட்டுக்குவா'ன்னான். எனக்கென்னாம்மா, அவ போனா என்னா, போவலன்னா என்னா. தம்பி கேட்டான், சொன்னேன்."

"அப்ப ஏன் பெரியப்பா வாசல்லயே நின்னீங்க?"

"அந்த வாசன தெருவரிக்கும் வந்துச்சு. சூடா தின்னுட்டு எந்த வாயால நல்லா இல்லன்னு சொல்றது? அதான் ஆறட்டும்னு நின்னேன்."

வயதானவரைத் திட்டக்கூடாது என்பார்கள். திட்டவில்லை. எழுந்து நடந்தேன். மீதி கிரிவலத்தில் ஒரு லிங்கத்தையும் கும்பிடவில்லை. அப்பாவைத்தான் வழி முழுக்கத் திட்டிக்கொண்டு வந்தேன். வேண்டாம் என்று தானே சொல்லியிருந்தால் அவள் சண்டையாவது போட்டிருப்பாள். அந்தச் சண்டையைக்கூட அவளுக்குக் கொடுக்காமல், ஆறு ஆப்பிள் வாங்கவைத்து, ஒரு வாரம் ஒத்திகை பார்க்கவைத்து, முடிவை முதல் நாளே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார் அந்த எழுத்தர். முப்பது வருஷக் கோபத்தைத் தப்பான விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.

இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அவளுக்கு எண்பது தாண்டிவிட்டது. வேங்கிக்காலில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அப்பாவின் படத்துக்குத் தினமும் பூ வைக்கிறாள். வைக்கட்டும்.

போன மாதம் என் மகள் ஓர் ஓவன் வாங்கிக் கொடுத்தாள். முதல் வேலையாக ஆப்பிள் வாங்கிவந்தேன். யாரும் யாருக்கு உடம்பு என்று கேட்கவில்லை. அந்தக் காலண்டர் தாள் எப்போதோ தொலைந்துவிட்டது, தேவைப்படவும் இல்லை. அம்மாவை முதலில் மேஜையில் உட்காரவைத்தேன். அப்புறம்தான் தட்டை வெளியே எடுத்தேன். எழும்பித்தான் இருந்தது. ஓடிப்போய் அவள் முன்னால் வைத்தேன்.

"சாப்புடும்மா. சூடா இருக்கும்போதே சாப்புடு."

அம்மா கையை மடியிலேயே வைத்துக்கொண்டு குளியலறைக் கதவைப் பார்த்தாள். "மாப்பிள குளிச்சிட்டு வரட்டும்."

எனக்குத் தலைக்கு ஏறியது. "யாரும் வர வேணாம். இது யாருக்கும் நிக்காதுன்னு உனக்குத் தெரியாதா? இன்னும் எத்தன பேருக்கு காத்துக்கினு இருப்ப?" கத்திவிட்டேன். குளியலறையில் தண்ணீர் சத்தம் நின்றது. அவரும் கேட்டிருப்பார். கேட்கட்டும்.

எங்கள் இரண்டு பேர் முன்னாலும் ஓரம் மெல்ல அமுங்க ஆரம்பித்தது. அவள் கை மடியிலிருந்து மேலே வந்தது. ஓரத்தில் ஒரு துண்டு பிய்த்து, ஊதாமல், சூட்டோடு வாயில் போட்டாள். மென்றாள். விழுங்கினாள். என்னைப் பார்க்காமல் அந்தத் தட்டைப் பார்த்தே சொன்னாள்.

"அன்னிக்கு இதவிட உசரமா வந்துச்சு. உங்கப்பாவும் பாத்தாரு."